அமெரிக்க கீசரை நம் ஊர்ப் பிளக்கில் சொருகலாமா?

சரி, அடுத்த கேள்வி. கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்கிறார்கள், கொஞ்சம் நீளமான கேள்வி, சுருக்கிச் சொல்கிறேன். மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது வாஷ்பேசினுக்கு அடியில் வைக்கிற சின்ன கீசர் ஒன்று கொண்டுவந்திருக்கிறார். தம்பி மலேசியாவிலிருந்து குளிக்கிற இன்ஸ்டன்ட் ஹீட்டர் ஒன்று. தை மாதம் வீட்டில் படைப்பு, அதாவது முன்னோர்களுக்குப் படைத்துக் கும்பிடுகிற விசேஷம், பங்காளிகள் எல்லாரும் வருவார்கள், இரண்டையும் வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் மாட்டிவிடலாமா, அடாப்டர் வாங்கிவிட்டோம், பிளக் கச்சிதமாகப் பொருந்துகிறது என்கிறார்கள்.

பொருந்துகிறது என்பதுதான் ஆச்சி எனக்குப் பயம். பொருந்தாமல் இருந்திருந்தால் யாரையாவது கூப்பிட்டுக் கேட்டிருப்பீர்கள். அந்த அடாப்டர் ஓட்டையின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், உள்ளே வருகிற வோல்டேஜை அது தொடவே தொடாது. பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் கப்பலேறி வந்து கட்டிய வீடுகள் நம்முடையவை, வெளியூர்ச் சாமான் எது வந்தாலும் நம் வீட்டில் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை ரத்தத்திலேயே இருக்கிறது. தேக்குக்கு வோல்டேஜ் கிடையாது, ஹீட்டருக்கு உண்டு.

நீங்கள் அனுப்பிய போட்டோவில் அமெரிக்க கீசரின் பிளேட்டைப் பார்த்தேன். 120 வோல்ட், 12 ஆம்பியர், 1440 வாட். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். சரி, இரண்டு மடங்கு வோல்டேஜ், இரண்டு மடங்கு சூடு, சீக்கிரம் கொதிக்கும், நல்லதுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. உள்ளே தண்ணீரைச் சூடாக்குகிற காயிலின் ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டைத் தடுக்கிற அளவு, 120-ஐ 12-ஆல் வகுத்தால் 10 ஓம். அதே 10 ஓமில் 230 வோல்டைக் கொடுத்தால் 23 ஆம்பியர் ஓடும், 23-ஐ 230-ஆல் பெருக்கிப் பாருங்கள், 5290 வாட். வோல்டேஜ் இரண்டு மடங்கு ஆனால் ஆம்பியரும் இரண்டு மடங்கு ஆகிறது, அதனால் சூடு நாலு மடங்குக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. தண்ணீர் சூடானதும் கரண்டை நிறுத்துவது தெர்மோஸ்டாட், 12 ஆம்பியருக்குச் செய்த அதன் பாயிண்ட்டில் 23 ஆம்பியர் போனால் அது ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிக்கொண்டால் தண்ணீர் கொதித்தாலும் கரண்ட் நிற்காது. காயில் முதலில் எரிந்துபோனால் அது உங்கள் நல்ல காலம்.

வோல்டேஜைக் குறைக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வைக்கலாமா என்றால், வைக்கலாம், ஆனால் 1440 வாட்டுக்கு 2000 விஏ (டிரான்ஸ்பார்மருக்கு வாட் மாதிரி ஒரு அளவு) அளவில் தடியான ஒன்று வேண்டும், தூக்கவே இரண்டு பேர் யோசிப்பார்கள். கடையில் கைக்குள் அடங்குகிற மாதிரி ஒன்று வைத்திருப்பார்கள், அது 50 வாட், 100 வாட் சாமானுக்கானது, கீசரை மாட்டினால் அதுதான் முதலில் புகையும். டிரான்ஸ்பார்மர் வாங்குகிற பணத்தில் ஐஎஸ்ஐ முத்திரையோடு நல்ல கீசரே வாங்கிவிடலாம். மகனிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகட்டும்.

மலேசியா ஹீட்டர் வேறு கதை. அதில் 240 வோல்ட், 3600 வாட் என்று இருக்கிறது. 230-க்கும் 240-க்கும் இருக்கிற வித்தியாசத்துக்குப் பயப்பட வேண்டாம். நம் கரண்டில் அது 3300 வாட் சுமாருக்கு வேலை செய்யும், தண்ணீர் ஒரு பிடி குறைவாகச் சுடும், அவ்வளவுதான். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 என்று சிலர் கேட்பார்கள், வெறும் காயிலுக்கு அந்தக் கணக்கு கிடையாது.

ஆனால் 3300 வாட் என்றால் 14 ஆம்பியருக்கு மேல். இதைப் பிளக்கில் அடாப்டர் வைத்து மாட்டவே கூடாது. இரண்டரை ஸ்கொயருக்கு (வயரின் தடிமன், சதுர மில்லிமீட்டரில்) குறையாத காப்பர் வயரைப் போர்டிலிருந்து தனியாக இழுத்து, அதற்கென்று கரண்ட் அளவு மீறினால் துண்டிக்கிற 20 ஆம்பியர் எம்சிபி, குளியலறைக்கு வெளியே கரண்ட் வருகிற பேஸ், திரும்பிப் போகிற நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கிற டிபி சுவிட்ச், அங்கிருந்து நேராக ஹீட்டரின் டெர்மினலுக்கு. உங்கள் வீடு முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீடு. மெயின் போர்டு முகப்பில் இருக்கும், இரண்டாம் கட்டுக்குச் சுற்றிச் சுற்றி வயர் போய்ச் சேர எப்படியும் 50 மீட்டர் ஆகிவிடும். அதனால் நான் என்றால் 4 ஸ்கொயர்தான் போடுவேன். லைட்டுக்குப் போட்ட 1 ஸ்கொயர் வயரில் சாதாரண 2000 வாட் கீசரைக் கொடுத்தாலே 50 மீட்டரில் 15 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். காணாமல் போகிறது என்றால் எங்கே போகிறது? நூறு வாட்டுக்கு மேல் அந்த வயரே சூடாகிக்கொண்டிருக்கும். சுவரில் அடித்த மரச்சட்டம் மேல் ஓடுகிற பழைய ரப்பர் வயர் என்றால் தொட்டாலே பொடிப்பொடியாக உதிரும், அதில் ஹீட்டர் என்ற பேச்சே வேண்டாம். பழைய அலுமினிய வயரையும் புதுக் காப்பரையும் முறுக்கி டேப் சுற்றுவதும் அப்படித்தான், அந்த முடிச்சு வருஷத்துக்கு வருஷம் லூசாகிச் சூடாகும்.

சுவரை உடைக்க மனசு வராது, முட்டை வெள்ளைக்கரு போட்டுத் தேய்த்த சுண்ணாம்புச் சுவர், எனக்கும் வராது. பிவிசி பைப்பை உத்தரத்தை ஒட்டி வெளியிலேயே ஓட்டிவிடலாம், பார்க்க அழகில்லை என்று சொந்தக்காரர்கள் சொன்னால் சொல்லட்டும்.

இப்போது எர்த், கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற வயர். பழைய வீடுகளில் இரண்டு ஓட்டைப் பிளக்கை மாற்றி மூன்று ஓட்டை வைத்திருப்பார்கள், பின்னால் கழற்றிப் பார்த்தால் எர்த் பின்னுக்கு வயரே வந்திருக்காது. இன்னும் மோசம், நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எர்த் பின்னுக்குக் கோர்த்துவிட்டிருப்பார்கள். டெஸ்ட் லாம்ப் வைத்தால் எர்த் இருக்கிற மாதிரியே ஜம்மென்று எரியும். வழியில் நியூட்ரல் அறுந்தால் கீசரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து உட்காரும், ஈரக் கையோடு நிற்பவர் தொடுவார். எர்த் தனியாக, மண்ணில் தோண்டிய எர்த் குழியிலிருந்து வர வேண்டும். நம் பக்கம் செம்புறாங்கல் மண், கோடையில் காய்ந்து இறுகிவிடும், கரியும் உப்பும் போட்ட குழியாக இருந்தாலும் தண்ணீர் ஊற்றாவிட்டால் எர்த் பேருக்குத்தான் இருக்கும். அதோடு கரண்ட் கசிந்தால் உடனே விழுந்து லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று கட்டாயம். எம்சிபி வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபிதான்.

அப்புறம் படைப்பு அன்று காலை. ஆறு குளியலறை, ஆறு கீசர், விடியற்காலை ஐந்து மணிக்கு எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். ஆறு இரண்டாயிரம் 12,000 வாட், ஒரே பேஸில் போட்டால் 52 ஆம்பியர். த்ரீ பேஸ், அதாவது மூன்று பேஸ் வயர் இருந்தால் பேஸுக்கு இரண்டாகப் பிரித்தால் 17 சொச்சம்தான் வரும். ஈபியில் எவ்வளவு லோடு வாங்கியிருக்கிறீர்கள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிக்கும்போது ஒரு ஹீட்டருக்கு ஒரு பேஸ், ஒரு நியூட்ரல், இது மாறவே கூடாது. தவறி இரண்டு பேஸைக் கொடுத்துவிட்டால் 400 வோல்ட், 2000 வாட் கீசர் 6000 வாட்டாகிவிடும்.

த்ரீ பேஸ் வீட்டில் மெயினில் நியூட்ரல் லூசானாலும் கிட்டத்தட்ட இதே கதிதான். பல வருஷம் முன்னால் தேவகோட்டைப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் ராத்திரி ஒரு பக்கம் லைட்டெல்லாம் கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிகிறது, இன்னொரு பக்கம் மினுக் மினுக்கென்று மங்குகிறது. ஓடிப் போய் மெயினைத் திறந்தால் நியூட்ரல் ஸ்குரூ ஆடிக்கொண்டிருக்கிறது. நாங்கள் மெயினை அணைப்பதற்குள் இரண்டு கீசரும் மிக்ஸியும் போய்விட்டன. அந்த ஸ்குரூவை முதல் நாள் முடுக்கியது நான்தான். சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள், நானும் வாய் திறக்கவில்லை.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்காரர்கள் எல்லாரும் போன் போட்டுக் கேட்பது. வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டைத் திறந்து கீசரைப் போட்டதும் ஆர்சிசிபி விழுகிறது, போன வருஷம் நன்றாக இருந்ததே என்கிறார்கள். காயிலை வைத்து மூடிய எலிமெண்ட் குழாய்க்குள் ஒரு வெள்ளைப் பொடி இருக்கும், சும்மா கிடந்தால் அது ஈரத்தை இழுத்துவிடும், கரண்ட் கசியும். அல்லது குழாயே ஓட்டையாகியிருக்கும். எது என்று மெக்கர், அதாவது கசிவைச் சோதிக்கிற மீட்டர், வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்குள் மேஸ்திரி யாராவது ஆர்சிசிபியைத் தாண்டி நேராக லைன் கொடுத்துவிடுவார், கொடுக்க விடாதீர்கள். ஆச்சி, படைப்புக்கு ஒரு வாரம் முன்பே வீட்டைத் திறந்து, ஒவ்வொரு கீசரிலும் வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சுவிட்சைப் போடுங்கள், காலி டேங்கில் போட்டால் காயில் அங்கேயே போய்விடும். ஆர்சிசிபியில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும், அதையும் அமுக்கிப் பாருங்கள், விழாவிட்டால் அன்றே மாற்றிவிடுங்கள்.

அடுத்து பள்ளத்தூரிலிருந்து ஒரு தம்பி இன்வெர்ட்டர் பற்றிக் கேட்கிறார்.