மார்க்கெட் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே?

நடுவர் அவர்களே, "படிச்ச படிப்புக்கு வேலை இல்லாததுக்கு காரணம் காலேஜா, வேலை மார்க்கெட்டா"ங்கறது தலைப்பு, நான் காலேஜ்தான்னு பேச வந்திருக்கேன். எதிரணி அண்ணன் பேசினப்ப நானே கை தட்டிட்டேன். பத்தாவது பாஸ் போதும்ங்கற குரூப் 4 பரீட்சைக்கு 2024ல அறிவிச்சது 6,244 இடம், அப்ளை பண்ணது 20 லட்சம் பேருக்கு மேல, அதுல டிகிரிக்காரன் கூட்டத்த பாருங்க, பசங்க அளவுக்கு மீறி படிச்சிட்டாங்கன்னு முடிச்சாரு.

வேலை கம்மிதான், மறுக்கல. ஆனா அதே வருஷம், அதே கம்பெனிங்க, கிண்டி அண்ணா யுனிவர்சிட்டி காலேஜ்ல இசிஇ, அதான் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங், படிக்கிறவனுக்கு ஃபைனல் இயர்லயே ஆஃபர் வருது, பைபாஸ் ஓரத்து காலேஜ்ல அதே இசிஇ முடிச்சவன் மொபைல் கடையில சிம் கார்டு போட்டுக் குடுக்கறான். மார்க்கெட் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே?

"கிண்டிக்கு போறவன் கட் ஆஃப் என்ன, அவன் எங்க படிச்சாலும் தேறுவான்"னு சொல்வீங்க. சரி, அப்ப மார்க் கம்மியானவனுக்குதானே நல்ல வாத்தியார் வேணும்? இருபது பேருக்கு ஒரு வாத்தியார்னு, இன்ஜினியரிங் காலேஜுக்கு அனுமதி குடுக்கற ஏஐசிடிஇ கணக்கு இருக்கு, அத சரிக்கட்ட என்ன பண்ணாங்க தெரியுமா, ஒரே ஆள் பல காலேஜ்ல முழுநேர வாத்தியார்! அப்படி 353 பேர், 224 காலேஜ்னு 2024 ஜூலைல ஊழலை எதிர்க்கற அறப்போர் இயக்கம் வெளிய கொண்டாந்தாங்க, முறைகேடு நெஜம்தான்னு அண்ணா யுனிவர்சிட்டியே ஒத்துக்கிச்சு.

லேப்புக்கு வாங்க. சிக்னல கிராஃபா காட்டற மெஷின், சிஆர்ஓன்னு பேரு, அது ஒண்ண சுத்தி பத்து பேர் நிப்பான், ஒருத்தன் குமிழ திருப்புவான், மத்தவன்லாம் சீனியர் ரெக்கார்ட பாத்து ரீடிங் எழுதுவான், மெஷின்ல வராத கிராஃப் நோட்ல அம்சமா வந்துடும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் கடையில ரெடிமேடா கிடைக்குது, வைவாவுக்கு முந்தின நாள் கடைக்காரரே உக்கார வச்சு சொல்லிக் குடுக்கறாரு, நாலு வருஷத்துல அந்தப் பையனுக்கு உருப்படியா பாடம் எடுத்தது அவர் ஒருத்தர்தான்! (அவருக்கும் சேத்து கை தட்டுங்க.)

இவனையா அளவுக்கு மீறி படிச்சவன்னு சொல்றீங்க? ஃபீஸ்தான் அளவுக்கு மீறி கட்டியிருக்கான். இன்டர்வியூல தோத்துட்டு இவன் குரூப் 4 க்யூவுல போய் நின்னா, நெஜமாவே பத்தாவதோட நிறுத்தின பொண்ணு எங்க போவா?

வேலைய பெருக்குங்கன்னு கேக்கறீங்க, கேளுங்க, நானும் கூட வரேன். நாளைக்கே ஸ்ரீபெரும்புதூர்ல ஆயிரம் டிசைன் வேலை வருதுன்னு வச்சுக்குவோம், சிஆர்ஓவ தொட்டே பாக்காத அந்த ஒம்பது பேர்ல யார அண்ணே அங்க அனுப்புவீங்க?