ஆறு கைதட்டியது, சூரியன் நின்றது: எது உருவகம்?

[காட்சி: வெள்ளவத்தை, காலி வீதி, நண்பகல்]

"வெயில் மண்டையைப் பிளக்குது" என்று பஸ் ஹோல்டில் ஒருவர் சொன்னால் யாரும் அம்புலன்ஸைக் கூப்பிடுவதில்லை. பைபிளின் சங்கீதம் 98இல் ஆறுகள் கைதட்டுவதையும் அப்படித்தான் கேட்கிறோம். இந்த இடத்தில் பக்தருக்கும் நாத்திகருக்கும் சண்டை இல்லை.

[காட்சி: பாமன்கடைப் பக்கம் திரும்பும் தெரு]

பக்கத்துப் பாமன்கடையில்தான் ஆபிரகாம் கோவூர் வாழ்ந்தார். கேரளத்து மார்த்தோமா சபைக் குருவானவரின் மகன், கொழும்பில் தாவரவியல் படிப்பித்தவர், இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவர். 1978இல் மறைந்தார்.

பகுத்தறிவாளர்கள் பைபிளிடம் கேட்கும் கேள்விகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. கடுகு எல்லா விதையிலும் சிறியது என்கிறதே மத்தேயு 13, ஓர்க்கிட் விதை இன்னும் சிறியதாயிற்றே என்பார்கள். அது உவமைக் கதை. கேட்டவர்கள் கலிலேயா நாட்டு மக்கள். அவர்கள் விதைத்த விதைகளில் கடுகு மிகச் சிறியது, அவ்வளவுதான். எனக்கு இந்தக் கேள்வி பலமாகப் படவில்லை.

பலமான கேள்வி வேறு: "விஞ்ஞானம் பிழை காட்டிய பிறகுதானே அதை உருவகம் என்கிறீர்கள்?"

[காட்சி: ஆதியாகமம் முதலாம் அதிகாரம், திறந்த பக்கம்]

எல்லா இடத்திலும் அப்படியல்ல. சூரியன் நாலாம் நாளில் படைக்கப்பட்டதென்றால், முதல் மூன்று நாளுக்குச் சாயங்காலமும் விடியலும் எப்படி வந்தன என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே கேட்டவர் ஒரிகன், ஒரு கிறிஸ்தவ அறிஞர். அப்போது டார்வினும் இல்லை, தொலைநோக்கியும் இல்லை. யோவான் 2இல் ஆலயத்தை மூன்று நாளில் எழுப்புவேன் என்கிறார் இயேசு. கேட்டவர்கள் கல்லுக் கட்டடத்தை நினைக்கிறார்கள். அவர் தம் உடலைச் சொன்னார் என்று அந்த நற்செய்தியே விளக்கிவிடுகிறது.

[காட்சி: கிபியோன் மேல் சூரியன், ஓவியம்]

ஆனால் போரின் நடுவே கிபியோன் மேல் சூரியனை நிற்கும்படி யோசுவா சொல்லும் யோசுவா 10க்கு வரும்போது அந்தக் கேள்வி உண்மையிலேயே குத்துகிறது. சூரியனே நில் என்ற வரி யாசேரின் புத்தகம் என்ற, இன்று கிடைக்காத நூலில் இருந்த பழைய கவிதை என்று அதிகாரமே சொல்கிறது. அதனால் உருவகம் என்று பலர் கடந்துபோகிறார்கள். பூமி சுற்றுகிறது என்றவர்களை எதிர்க்க இதே பகுதியை நேர்ப்பொருளில் காட்டியது அன்றைய திருச்சபை. 1633இல் கலிலியோ தன் கருத்தைக் கைவிடுவதாகச் சொல்ல வைக்கப்பட்டார். இன்று உருவகம் என்பவர்கள் இந்த வரலாற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. கவிதைக்குப் பிறகு கதை சொல்பவரே, சூரியன் ஏறக்குறைய ஒரு பகல் முழுதும் மறைய அவசரப்படவில்லை, அப்படி ஒரு நாள் முன்னும் இல்லை பின்னும் இல்லை என்று உரைநடையில் எழுதுகிறார். கவிதை என்ற பதில் அந்த வரிகளுக்குப் போதாது.