கிழவி மலையில் விழும் வெயில்

நேயர்களுக்கு வணக்கம். மார்ச் 20ஆம் நாளை ஒட்டி, பகலும் இரவும் ஏறத்தாழ ஒரே அளவாக அமையும் சம இரவு நாளின் விடியலில், அயர்லாந்தின் மீத் மாவட்டத்திலுள்ள லொக்ரூ குன்றின் மேல் மக்கள் குளிரில் கூடி நிற்பார்கள். அங்கே 5000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு கற்குவைக் கல்லறை இருக்கிறது. கிழக்கு நோக்கிய அதன் குறுகிய வழியாக நுழையும் வெயில், கடைக்கோடிக் கல்லின் மேல் ஒரு சிறு கட்டமாக விழும். அந்தக் கல்லில், பூவென்றும் சொல்லலாம், சூரியனென்றும் சொல்லலாம், அப்படிச் சில வட்டங்கள் செதுக்கப்பட்டுள்ளன. கதிரவன் ஏற ஏற, அந்த ஒளிக்கட்டம் இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கி, செதுக்கல்களைத் தடவிக்கொண்டு போகும். 1980இல் ஆய்வாளர்களான மார்ட்டின் பிரென்னனும் ஜாக் ராபர்ட்ஸும் விடியலுக்காகக் காத்திருந்து இதைக் கண்டறிந்தார்கள்.

அயர்லாந்தின் மொழியான ஐரியத்தில் இந்தக் குன்றின் பெயருக்குக் கிழவி மலை என்று பொருள். மடி நிறையக் கல்லோடு ஒரு கிழவி குன்றுக்குக் குன்று தாவினாளாம். மடியிலிருந்து சிந்திய கற்களே இந்தக் குவைகளாம். கட்டியவர்களை மறந்துபோன ஊர், கட்டடத்தை மறக்காமல் ஒரு கதையில் பொதிந்து வைத்திருக்கிறது. நான் திரும்பத் திரும்ப நினைத்து வியப்பது இதைத்தான்.

ஆனால் சிலர் இந்தச் சம இரவு நாளைக் கெல்ட்டியர் என்ற பழைய ஐரோப்பிய மக்களின் விழா என்று சொல்லும்போது என் மனம் ஒப்புவதில்லை. கெல்ட்டிய மொழி பேசியவர்கள் அயர்லாந்தில் தலையெடுத்தது, இந்தக் கல்லறை எழுந்து நெடுங்காலம் சென்ற பிறகே. பழைய ஐரிய நூல்கள் போற்றும் நான்கு பெருநாள்களில் சம இரவு நாள் இல்லை. பழைய ஐரியருக்கு வசந்தம் பிப்ரவரி முதல் நாளிலேயே, இம்போல்க் திருநாளன்று பிறந்துவிடும். பின்னாளில் புனித பிரிஜித்தின் திருநாளாகிவிட்ட அந்த நாளில், கோரையை மடித்துச் சிலுவை பின்னி வாசலுக்கு மேல் செருகும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

அப்படியானால், கிறித்தவத்துக்கு முந்திய வழிபாடுகளை மீட்க முயலும் இன்றைய புதுப் பாகனியர் இந்தச் சம இரவு விழாவுக்கு வழங்கும் ஒஸ்தாரா என்ற பெயர் எங்கிருந்து வந்தது? 725ஆம் ஆண்டளவில், இங்கிலாந்துத் துறவி பீட், தம் முன்னோர் ஈஸ்ட்ரே என்ற பெண்தெய்வத்தின் பெயரால் ஒரு மாதத்தை வழங்கினர் என்று தம் காலக்கணக்கு நூலில் எழுதினார். அவர் குறித்தது ஜெர்மானிய வழிவந்த ஆங்கிலேயரை, கெல்ட்டியரை அன்று. 1835இல் ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் அதிலிருந்து ஒஸ்தாரா என்ற ஜெர்மானியத் தெய்வத்தை ஊகித்தார். 1970களில் அமெரிக்கப் புதுப் பாகனியரான ஏய்டன் கெல்லி அப்பெயரை மார்ச் விழாவுக்குச் சூட்டினார். விழாவின் பெயர் புதியது, நேயர்களே. கல்லின் மேல் விழும் வெயிலே பழையது.

நேரம் முடியப்போகிறது என்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். ஈஸ்டர் பண்டிகையோடு சேர்த்துப் பேசப்படும் முயலைப் பற்றிப் பேச இனி இடமில்லை. முட்டையை மட்டும் சொல்லிவிடுகிறேன். இடைக்காலத் திருச்சபை தவக்காலத்தில் முட்டையை விலக்கி வைத்திருந்தது. பகல் நீள நீளக் கோழிகள் மிகுதியாக இடும் பருவமும் அதுவே. அப்படிச் சேர்ந்த முட்டைகள்தாம் ஈஸ்டர் காலையில் வண்ணம் ஏறிப் பிள்ளைகளின் கைக்கு வந்தன. நன்றி, வணக்கம்.