தோம்பில் ஏறாதவை

நேயர்களுக்கு வணக்கம்.

தோம்பு என்றால் காணிப் பதிவேடு. இலங்கையில் அந்தச் சொல்லைப் போர்த்துக்கேயர் விட்டுப்போனார்கள். ஒல்லாந்தர் அதில் காணி, குடும்பம், வரி என்று எழுதினார்கள். காணியில் நின்ற மரங்களைக்கூட எண்ணினார்கள். விறாந்தையில் யார் படுத்தார் என்பது அதில் ஏறாது.

ஓவியர் தா. சனாதனனின் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’, அதாவது முற்றுப்பெறாத தோம்பு, 2011இல் வெளிவந்த நூல். இடம்பெயர்ந்த வடக்கு, கிழக்கு மக்கள் தங்கள் வீட்டை நினைவிலிருந்து தரைப்படமாக வரைந்தார்கள், 80 வீடுகள். வீட்டுக்காரரின் கைக்கோடு, கட்டடக் கலைஞரின் அளவுக்கோடு, சனாதனனின் உலர் பாஸ்டல் ஓவியம் மூன்றும் அதில் இருக்கின்றன. உலர் பாஸ்டலில் பசை மிகக் குறைவு. தாளின் சொரசொரப்பில்தான் பொடி தொற்றி நிற்கும். விரல் பட்டால் கலைந்துவிடும். இழந்த வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஊடகம் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டு மூத்தவர்களிடமும் பழைய வீட்டை நினைவிலிருந்து வரையச் சொல்லிப் பார்க்கலாம். முதலில் அடிமட்டத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பேச்சு முழுக்க அடிக்கணக்காகிவிடும். கோடு குசினியில் தொடங்குகிறதா, படலையில் தொடங்குகிறதா என்று குறியுங்கள். பிழையென்று திருத்தினால் அடுத்த அறையை வரையமாட்டார்கள்.

பெண்களிடம் “யாருடைய வீடு?” என்று கேட்டால் பதில் சிக்கும். சீதன வீடு அவளுடையது. ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி அதை விற்க, 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த வழமை, ஆங்கிலேயர் போட்ட சட்டம். “சாவி யாரிடம் இருந்தது?” என்று கேளுங்கள், கதை வரும்.

ஓவியர் அனோலி பெரேராவின் ‘ஐ லெட் மை ஹெயார் லூஸ்’, அதாவது கூந்தலை அவிழ்த்துவிட்டேன் என்ற ஒளிப்படத் தொடரில் பெண்கள் பழைய ஸ்டூடியோப் படம்போல் அமர்ந்திருக்கிறார்கள்; கூந்தல் முகத்தை மூடி விழுகிறது. ஆங்கிலேயர் காலத் தபாலட்டைகளில் பெண்ணுக்குப் பெயர் இராது, ‘தமிழ்ப் பெண்’, ‘ரொடியப் பெண்’ என்று இனமோ சாதியோதான் அச்சாகும். விற்பனைக்கு வைத்த முகத்தை அனோலி திருப்பி எடுத்துக்கொள்கிறார்.

ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட் ஆணுடலை அத்தனை நெருங்கிப் படமெடுத்தபோது 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை நடைமுறையில் இருந்தது. ஒருபாலுறவைக் குற்றமாக்கி, ஆண்களை மட்டும் குறித்த அதன் 365ஏ பிரிவைப் பெண்களுக்கும் விரித்தது 1995இல் நம்முடைய பாராளுமன்றம். கொழும்பில் கில்ட்ஃபோர்ட் கிரசென்டில் வென்ட் பெயரிலேயே கலை மண்டபம் இருக்கிறது. அவருடைய படங்களை எங்காவது பார்க்க நேர்ந்தால் கீழேயுள்ள குறிப்பையும் வாசியுங்கள்: எடுத்தவரின் பெயர் இருக்கும். படத்தில் நிற்கும் பலருக்கு அங்கேயும் பெயர் இல்லை.

வணக்கம்.