பாட்டிக்குப் படித்துக் காட்டிய நாவல்

நேயர்களுக்கு வணக்கம். நான் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். வீடு பெரம்பூரில். பள்ளிக்காகப் பழைய நாவல்களைப் படித்தபோது எப்படி இருந்தது என்று பேச அழைத்திருக்கிறார்கள். பள்ளியில் தொடங்கியதுதான். ஆனால் அந்தப் படிப்பு நடந்தது எங்கள் வீட்டு அடுப்படியில்.

பதினோராம் வகுப்பு அரையாண்டு லீவுக்கு முந்தின நாள், தமிழம்மா பலகையில் மூன்று பெயர்கள் எழுதினார். பிரதாப முதலியார் சரித்திரம், கமலாம்பாள் சரித்திரம், பொன்னியின் செல்வன் முதல் பாகம். லீவு முடிந்து வரும்போது மூன்றுக்கும் கதைச் சுருக்கம் எழுதி வர வேண்டும்.

கல்கியில் எனக்குச் சிரமமே இல்லை. ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். அங்கே பிடித்த வேகம் கடைசிப் பக்கம் வரை விடவில்லை. அதைப் பற்றிப் பேச என்னைவிட ரசிகர்கள் பலர் இருக்கிறார்கள்.

பிரதாப முதலியாரை பஸ்ஸில் படித்தேன். மாயூரத்தில் முன்சீப்பாக, அதாவது கீழ்க்கோர்ட்டு நீதிபதியாக இருந்த வேதநாயகம் பிள்ளை எழுதி 1879-இல் வெளிவந்த தமிழின் முதல் நாவல். ஒரு கதைக்குள் இன்னொரு கதை, அதற்குள் ஒரு புத்திமதி என்று போகும். சில இடங்களில் எனக்குப் பொறுமை போனது உண்மை. ஆனால் கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் அரசாளும் பகுதியை இரண்டு முறை படித்தேன். தமிழ் பேசும் ஊரில் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடுவது என்ன நியாயம் என்று கேட்கும் பகுதிக்கு வந்தபோது, பஸ் பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. சிவப்புக் கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தேன். உள்ளே இன்றைக்கும் வாதம் ஆங்கிலத்தில்தான்.

அப்புறம் கமலாம்பாள். இதுதான் என்னை நிறுத்தியது. பத்துப் பக்கம் தாண்டவில்லை. நீள நீளமான வாக்கியம், தெரியாத சமஸ்கிருதச் சொற்கள். கன்னிமாராவில் எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, யாரோ எழுதி வைத்த சுருக்கத்தைப் பார்த்து எழுதிவிடலாம் என்றுகூட நினைத்தேன். வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள்.

ஒரு சாயங்காலம் பாட்டி அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அபவாதம்னா என்ன பாட்டி?" என்று கேட்டேன். இந்த நாவல் 1893-இல் விவேக சிந்தாமணி மாத இதழில் தொடராக வரத் தொடங்கியபோது, அதன் தலைப்பே 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்பதுதான். "வீண் பழி கண்ணு" என்றார் பாட்டி. "யார் மேல போட்டாங்க? படி, கேக்கறேன்."

வாய்விட்டுப் படித்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, அந்த நீள வாக்கியங்கள் கண்ணுக்கு எழுதியவை இல்லை. வாயில் வரும்போது மூச்சு விட வேண்டிய இடம் தானாகவே கிடைக்கிறது. சிறுகுளத்துப் பெண்கள் கூடி ஊர்க்கதை பேசும் வம்பர் மகாசபை வந்ததும், பாட்டி கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற காலத்தில் எங்கள் தெருவிலும் அப்படி ஒரு சபை இருந்ததாம். யார் தலைவி, யார் காரியதரிசி என்றுகூடச் சொன்னார். பெயர்களை இங்கே சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. வாய்ப்பேச்சு வளர்ந்து வளர்ந்து ஒரு குடும்பத்தையே உடைக்கிறது. கமலாம்பாள் மேல் பழி. அவள் கணவர் முத்துஸ்வாமி ஐயர் வீட்டை விட்டே போகிறார். சுருக்கத்தில் இது ஒரு வரி: 'ஊரார் அவதூறால் கணவன் பிரிந்தான்.' எங்களுக்கோ அதைக் கடக்க மூன்று இரவு ஆயிற்று. நடுவில் ஒரு நாள் பாட்டி, "இன்னிக்குப் போதும்" என்று எழுந்து போய்விட்டார். அவர் வாழ்க்கையில் எதை நினைத்துக்கொண்டாரோ, நான் கேட்கவில்லை.

பின்பகுதி வேதாந்தமாக மாறுகிறது. அது எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. பாட்டிக்கு அதுதான் பிடித்தது.

எழுதிய ராஜமய்யருக்கு, தொடர் தொடங்கும்போது வயது 21. என்னைவிட மூன்றே வயது மூத்தவர். வத்தலக்குண்டிலிருந்து வந்து சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, பாரிமுனைப் பக்கம்தான் இருந்தது. நான் பஸ் மாறும் இடத்தில் அவர் நடந்திருக்கிறார். 1898-இல், 26 வயதில் இறந்துபோனார். எழுதி முடித்த நாவல் இது ஒன்றுதான். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கதைச் சுருக்கத்தை எழுதிக் கொடுத்தேன், மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் பாட்டி சிரித்த இடமும் எழுந்து போன இடமும் அதில் இல்லை. அதைத் தமிழம்மாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் வகுப்பில் வம்பர் மகாசபையை அவரே வாய்விட்டுப் படித்தார். கடைசி பெஞ்சு வரை சத்தமில்லை. மணி அடித்த பிறகும் இரண்டு பேர் அவர் மேசைக்குப் போய், "அப்புறம் என்ன ஆச்சு மிஸ்?" என்று கேட்டார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்களிடம் என் ஒரே வேண்டுகோள் இதுதான். சுருக்கம் கேட்பதற்கு முன்னால் பத்துப் பக்கம் படித்துக் காட்டுங்கள். அந்தக் காலத்தில் ஒருவர் படிக்க வீடே கேட்ட கதைகள் இவை. தனியாக உட்கார்ந்து, தேர்வுக்கு முந்தின ராத்திரி படித்தால் இவை வாய் திறப்பதில்லை.

இப்போது நானும் பாட்டியும் மாதவையாவின் பத்மாவதி சரித்திரத்தைத் தொடங்கியிருக்கிறோம். மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிறோம். பாட்டி இந்நேரம் ரேடியோ பக்கத்தில்தான் இருப்பார். பாட்டி, ஏழு மணிக்குள் வந்துவிடுவேன், புத்தகத்தை எடுத்து வையுங்கள். வணக்கம்.