லோரோங் கூலிட்டில் பழம்பொருள் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

[காட்சி: தார்ப்பாயில் பரப்பிய பித்தளைச் சாமான்கள்]

வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் மாநகர விளையாட்டரங்கத்தை ஒட்டியுள்ள லோரோங் கூலிட் சந்தை காலையில் கூடி, நண்பகல் வாக்கில் கலைந்துவிடும் என்பதால், நல்ல பொருளைத் தேடுவோர் வெயில் ஏறுவதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். கடிகாரம், மங்குத் தட்டு, இசைத்தட்டு, கேமரா, பழங்காசு என எல்லாம் கலந்தே கிடக்கும். விலையைக் கேட்பதற்கு முன் பொருளைச் சோதித்துவிட வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். மலிவான விலை காதில் விழுந்துவிட்டால் குறை கண்ணில் படாது.

[காட்சி: வெள்ளி நாணயம், மிக அருகில்]

பிரித்தானிய வணிக டாலரை எடுத்துக்கொள்வோம். கீழைநாட்டு வணிகத்துக்காக 1895 முதல் 1935 வரை, பெரும்பாலும் பம்பாய், கல்கத்தா நாணயச்சாலைகளில் அச்சிடப்பட்ட இந்த நாணயத்தின் ஒரு பக்கத்தில் திரிசூலமும் கேடயமும் தாங்கி நிற்கும் பெண்ணுருவமும், மறுபக்கத்தில் சீன எழுத்திலும் ஜாவி எழுத்திலும் (மலாய் மொழியை எழுதும் அரபு வடிவ எழுத்து) மதிப்பும் இருக்கும். இதற்குப் போலிகள் ஏராளம். அசலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி, எடை 26.95 கிராம், விட்டம் ஏறத்தாழ 39 மில்லிமீட்டர். புழக்கத்தில் தேய்ந்த நாணயம் சற்றுக் குறையலாம், ஆனால் பல கிராம் குறைந்தால் வாங்க வேண்டாம். காந்தம் ஒட்டினால் அது நிச்சயமாகப் போலி; ஒட்டாததனால் மட்டும் வெள்ளி என்று முடிவு செய்துவிடவும் கூடாது, ஏனெனில் பித்தளையிலும் செம்பிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே சட்டைப்பையில் சிறு மின்தராசும் இருக்கட்டும். பிறகு விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள்: வார்த்தெடுத்த போலிகளில் இரண்டு அச்சுகள் சேர்ந்த கோடு சில வேளைகளில் தட்டுப்படும்.

ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் வெளிவந்த, வாழைமரப் படம் போட்ட பணத்தாள்கள் ஏராளமாக அச்சிடப்பட்டவை. கசங்கிய தாளுக்கு அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

[காட்சி: குத்துவிளக்கின் அடிப்பாகம்]

நம்மவர்கள் விரும்பிக் கேட்பது குத்துவிளக்கு. இதிலும் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் முலாம். உண்மையில் பல காலம் ஏற்றிய விளக்கில் திரி வைக்கும் மூக்கும், கைபிடித்துத் தூக்கும் தண்டும் மழுங்கியிருக்கும்; வேலைப்பாட்டின் இடுக்குகளில் எண்ணெய்ப் பிசுக்கு இறுகிக் கருத்திருக்கும். உடம்பு முழுவதும் ஒரே சீராகக் கருத்திருந்தால், செயற்கையாகப் பழசாக்கியிருப்பார்களோ என்று சந்தேகிக்கலாம். பாகங்களைத் திருகிக் கழற்றி, மரை தேய்ந்துள்ளதா, இடையில் ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறார்களா என்றும் கவனியுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு, “பாங், போலே குராங்?” (அண்ணே, குறைக்க முடியுமா?) என்று மலாயில் பணிவாகக் கேளுங்கள். கண்ட குறையைக் காட்டி விலை கேட்பது முறை; பொருளை இழிவாகப் பேசிக் கேட்பது விற்பவரின் மனத்தைப் புண்படுத்தும்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கைப் புளி போட்டுத் துலக்கலாம், நாணயத்தைத் துலக்கக் கூடாது. தேய்த்துப் பளபளப்பாக்கிய நாணயத்துக்குச் சேகரிப்பாளர்கள் குறைந்த விலையே தருவார்கள்.