பனியாற்றின் முகப்பில் இயந்திரத்தை நிறுத்தினால்

[கறுப்புத் திரை. ஒலி மட்டும்: இடைவிடாத சடசடப்பு.]

குரல்:
முதலில் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிப்பதைப் போல இருக்கிறது. பக்கத்தில் அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. உறைநிலையை ஒட்டிய குளிரில் கடல்நீரில் மிதக்கும் பனிக்கட்டிகள் எழுப்பும் சத்தம் இது.

பல நூறு ஆண்டுகளுக்கு முன் மலை மீது பெய்த பனி, தன் மேல் மேலும் மேலும் பனி விழுந்து அழுந்தி, கட்டியாக இறுகியது. பனித்துகள்களுக்கு இடையே இருந்த காற்றும் உள்ளேயே சிக்கி நசுங்கியது. இன்று அந்தக் கட்டி கடலில் கரையும்போது, ஒவ்வொரு குமிழியின் சுவரும் மெலிந்து, உள்ளிருக்கும் காற்று வெடித்து வெளியேறுகிறது. நீங்கள் கேட்பது அந்தப் பழைய காற்று விடுபடும் ஓசை.

கப்பலின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் இது கேட்காது. சிறிய கப்பலில் பனியாறுகளை, அதாவது மெல்ல நகரும் பனிக்கட்டிப் பெருந்திரள்களைத் தேடிப் போகும் பயணத்தின் அருமையை ஒரே சொல்லில் கேட்டால், "நிறுத்தம்" என்பேன். நல்ல இடத்தில், நல்ல தொலைவில், இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது. அப்போது அங்கே என்ன நடக்கிறது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

[காட்சி: வரைபடம். நார்வேக்கும் வட துருவத்துக்கும் நடுவே ஒரு தீவுக்கூட்டம்.]

இது ஸ்வால்பார்ட். நார்வே நாட்டுக்கு உட்பட்ட தீவுக்கூட்டம். நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் பனியாறுகளே மூடியிருக்கின்றன. மக்கள் வாழும் முக்கிய ஊர் லாங்யியர்பியென், வட அட்சரேகை 78 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கில் தொடங்கி ஆகஸ்டு 22 வாக்கு வரை அங்கே சூரியன் மறைவதே இல்லை. இரவு இரண்டு மணிக்கும் தளத்தில் நின்று படம் எடுக்கலாம். தூக்கம்தான் வராது.

பெரும்பாலான சிறு கப்பல்கள் இந்த ஊரிலிருந்தே புறப்படுகின்றன. பன்னிரண்டு பேர் மட்டும் ஏறும் பாய்மரக் கப்பல்களும் உண்டு, நூறு, இருநூறு பேரை ஏற்றும் கப்பல்களும் உண்டு. சட்டமும் இப்போது சிறிய கப்பலின் பக்கமே நிற்கிறது. 2025 ஜனவரி 1 முதல், ஸ்வால்பார்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் வரக்கூடாது. அந்தப் பகுதிகளில் கரையிறங்க அனுமதிக்கப்பட்ட இடங்கள் மொத்தம் 43தான். இந்தக் கட்டுப்பாடு பயணத்தின் சுவையைக் குறைத்துவிட்டது என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாசி ஓர் அங்குலம் வளரவே பல ஆண்டுகள் எடுக்கும் மண்ணில், எத்தனை காலடி விழலாம் என்று எண்ணித்தான் ஆக வேண்டும்.

[காட்சி: இருபுறமும் செங்குத்தான மலைகள். நடுவே அமைதியான நீர்.]

கப்பல் வடக்கே போய், கோங்ஸ்ஃபியோர்டன் என்ற நீண்ட நுழைகடலுக்குள் திரும்புகிறது. நார்வே மொழியில் அதற்கு "அரசனின் ஃபியோர்டு" என்று பொருள்.

ஃபியோர்டு எப்படி உருவாகிறது? ஆறு அறுத்த பள்ளத்தாக்கின் அடி குறுகலாக இருக்கும். பனியாறு அறுத்த பள்ளத்தாக்கோ தொட்டி போல அகன்று, சுவர்கள் நெட்டுக்குத்தாக எழும். பனியாற்றின் எடை பெரிது, அடியில் அது இழுத்து வரும் கற்கள் உப்புத்தாள் போலத் தரையைத் தேய்க்கின்றன. கடல் மட்டத்துக்குக் கீழேயும் அது குடைந்துகொண்டே போகும். பனி பின்வாங்கியதும் அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்துவிடுகிறது. பனி கொண்டுவந்து கொட்டிய கல்லும் மண்ணும் பல ஃபியோர்டுகளின் வாயிலில் மேடாகக் கிடக்கும். அதனால் உள்ளே ஆழம், வாயிலில் ஆழம் குறைவு. மாலுமிகள் உள்ளே நுழையும்போது ஆழமானியிலிருந்து கண்ணை எடுக்காததற்கு அதுவே காரணம்.

கோங்ஸ்ஃபியோர்டனின் தென்கரையில் நீ-ஓலெசுண்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. முன்பு நிலக்கரிச் சுரங்க ஊர், இப்போது ஆய்வாளர்களின் ஊர். ஊரை நெருங்கும்போது எல்லாருடைய தொலைபேசியிலும் வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைக்கச் சொல்வார்கள். அங்குள்ள வானொலித் தொலைநோக்கிகள் வெகு தொலைவிலிருந்து வரும் மிக நலிந்த அலைகளைப் பிடிப்பவை. நம் சட்டைப்பைக்குள் இருக்கும் கருவி அவற்றின் காதை அடைத்துவிடும். 1926 மே மாதம் அமுண்ட்சென், எல்ஸ்வொர்த், நோபிலே ஆகிய துருவப் பயணிகள் 'நோர்கே' வான்கப்பலில் வட துருவத்தின் மேல் பறக்கப் புறப்பட்டது இங்கிருந்துதான். வான்கப்பலைக் கட்டிய இரும்புக் கம்பம் இன்னும் ஊருக்கு வெளியே நிற்கிறது. இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையமும் 2008 முதல் இங்கே இயங்கி வருகிறது. இந்த ஃபியோர்டின் நீருக்கடியில் 2014இல் இந்தியா நிறுத்திய 'இந்தார்க்' என்ற மிதவைக் கருவித்தொகுதி கடலின் வெப்பத்தையும் உப்பையும் அளந்தது. எதற்காக இவ்வளவு அளவீடு என்பது ஃபியோர்டின் உள்கோடிக்குப் போனால் தானே விளங்கிவிடும்.

[காட்சி: ரப்பர் படகு. ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டைகள். எதிரே பனிச்சுவர்.]

இனி கப்பலை விட்டு ரப்பர் படகில் இறங்குகிறோம். படகில் ஏறும்போது கையைக் கையோடு கோக்க மாட்டார்கள். உங்கள் முன்கையை மாலுமி பிடிப்பார், மாலுமியின் முன்கையை நீங்கள் பிடிக்க வேண்டும். ஈரத்தில் விரல்கள் வழுக்கும், இந்தப் பிடி வழுக்காது.

எதிரே தெரிவது க்ரோனெப்ரீன். நார்வே மொழியில் 'ப்ரீன்' என்று முடியும் பெயர்கள் எல்லாம் பனியாறுகள். இது ஸ்வால்பார்டின் வேகமான பனியாறுகளுள் ஒன்று, கோடையில் ஒரே நாளில் சில மீட்டர் நகர்ந்துவிடும். பின்னால் ஸ்வேயா, நூரா, டானா என்ற மூன்று கூம்பு மலைகள். ஸ்வீடன், நார்வே, டென்மார்க் நாடுகளின் பெயரால் அவற்றை 'மூன்று மகுடங்கள்' என்கிறார்கள்.

படகோட்டி இயந்திரத்தை அணைக்கிறார். தொடக்கத்தில் கேட்ட சடசடப்பு இப்போது நாலாபுறமும். நீரில் மிதக்கும் உள்ளங்கையளவு பனித்துண்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். உள்ளே ஊசிமுனை அளவில் குமிழிகள், சில வட்டமாக, சில இழுபட்டு நீளமாக. காதருகே கொண்டுபோனால் டிக், டிக் என்று ஒவ்வொன்றாக வெடிக்கும். கை மரத்துப்போகும்வரை கீழே வைக்க மனம் வராது.

இந்தக் கட்டி தெளிவாக இருக்க, எதிரே இருக்கும் சுவர் ஏன் நீலமாக இருக்கிறது? பனிக்கட்டி சிவப்பு ஒளியைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்ளும். கையளவு தடிமனில் அது தெரியாது. பல மீட்டர் ஆழம் போய்த் திரும்பும் ஒளியில் சிவப்பு தீர்ந்து நீலம் மட்டும் மிஞ்சுகிறது. சுவரில் கருநீலமாக ஓர் இடம் தெரிந்தால், அங்கே அண்மையில்தான் பனி உடைந்து புதிய முகம் வெளிப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். வெயிலும் காற்றும் பட்டுக் கொஞ்ச நாளில் அது வெளுத்துவிடும்.

நீருக்கு மேலே கேட்பதைவிட நீருக்குள் இரைச்சல் அதிகம். அலாஸ்காவிலும் அண்டார்க்டிகாவிலும் ஒலிவாங்கிகளை இறக்கி நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. கடலில் முடியும் பனியாறுகள் உள்ள ஃபியோர்டுகள், உலகக் கடல்களிலேயே இயற்கை இரைச்சல் மிகுந்த இடங்களுள் அடங்கும் என்று அது கண்டது. புயலோ திமிங்கிலமோ காரணமில்லை. எல்லாம் இந்தச் சின்னக் குமிழிகளின் வேலை.

[காட்சி: சுவரின் அடியில் செம்மண் நிற நீர். அதன் மேல் வெள்ளைப் பறவைக் கூட்டம்.]

அதோ, சுவரின் ஓரிடத்தில் மட்டும் கடல் கலங்கிச் சிவந்திருக்கிறது, பறவைகள் அங்கேயே மொய்க்கின்றன. என்னைக் கேட்டால், முழுப் பயணத்திலும் கவனித்துப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பனியாற்றின் மேலே உருகும் நீர், வெடிப்புகள் வழியே அடித்தளத்துக்கு இறங்கி, பனிக்கும் பாறைக்கும் இடையே ஆறாக ஓடி, கடலுக்கடியில் வெளியேறுகிறது. அது நன்னீர், உப்புநீரைவிட இலேசானது. அதனால் வெளியே வந்ததும் சுவரை ஒட்டி விறுவிறுவென்று மேலே எழுகிறது. எழும்போது ஆழத்துக் கடல்நீரையும் அதில் மிதக்கும் சிற்றுயிர்களையும் கூடவே அள்ளி வருகிறது. அவை மேற்பரப்புக்கு வந்து சேரும் இடத்தில் கிட்டிவேக் என்னும் சிறு கடற்காகங்கள் காத்திருக்கின்றன. பனி கடலைத் தொடும்வரைதான் இந்தப் பந்தி. பனியாறு பின்வாங்கித் தரையேறிவிட்டால், உருகுநீர் சாதாரண ஓடையாக வந்து மேலேயே கலந்துவிடும். ஆழத்திலிருந்து எதுவும் எழாது.

பக்கத்துப் பனித்துண்டில் தாடி சீல் ஒன்று படுத்திருக்கிறது. முகம் மட்டும் துருப்பிடித்த நிறம். கடலடி மண்ணை முகத்தால் கிளறி இரை தேடுவதால், அதிலுள்ள இரும்பு முடியில் ஒட்டிக்கொண்டு சிவந்துவிடுகிறது.

[ஒலி: துப்பாக்கி வெடித்தது போன்ற ஓசை. பின்னர் நீண்ட இடி.]

இப்போது உடைந்தது. ஆங்கிலத்தில் இதைப் பனியாறு "கன்று ஈனுதல்" என்று சொல்வார்கள். ஓசை காதில் விழும்போது பனி ஏற்கெனவே விழுந்துவிட்டிருக்கும். ஒளி முந்தி, ஒலி பிந்தி. எனவே ஓசை கேட்டபின் கேமராவைத் திருப்பினால் நுரைதான் கிடைக்கும்.

விழும் பனியைவிட அது எழுப்பும் அலைதான் கூடுதல் ஆபத்து. 1833 ஜனவரியில், தென் அமெரிக்காவின் தென்முனையில் பீகிள் கால்வாயில் சார்லஸ் டார்வினும் துணைவர்களும் கரையில் உணவருந்திக்கொண்டிருந்தபோது, எதிரே இருந்த பனிச்சுவரிலிருந்து பெரிய துண்டு ஒன்று விழுந்தது. எழும்பிய அலை கரையை நோக்கி வந்தது. டார்வினும் இரண்டு மூன்று மாலுமிகளும் ஓடிப்போய்ப் படகுகளைப் பற்றிக்கொண்டார்கள். படகுகள் போயிருந்தால் ஆளரவமற்ற அந்தக் கரையிலிருந்து மீள வழியே இருந்திருக்காது. அவர்களது கப்பலின் கேப்டன் ஃபிட்ஸ்ராய் அங்கிருந்த நீர்ப்பரப்பு ஒன்றுக்கு டார்வினின் பெயரைச் சூட்டினார்.

ஸ்வால்பார்டிலேயே 2007 ஆகஸ்டில், ஹோர்ன்ப்ரீன் முகப்பை ஒரு சிறு சுற்றுலாக் கப்பல் அளவுக்கு மீறி நெருங்கியபோது பனி இடிந்து, தளத்தில் நின்ற பயணிகள் காயமடைந்தார்கள். சுவரின் அடிப்பகுதி நீருக்குள்ளும் நீண்டிருக்கும். அங்கே உடையும் துண்டு, எச்சரிக்கை ஏதுமின்றிக் கீழேயிருந்து மேலே பாயும். ஆகவே சுவரின் உயரத்தைப்போலப் பல மடங்கு தள்ளி நிற்பதே முறை. "இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாமே" என்று படகோட்டியை வற்புறுத்தாதீர்கள். நெருங்க மறுக்கும் வழிகாட்டியே நல்ல வழிகாட்டி.

[காட்சி: கரை. துப்பாக்கி தாங்கிய வழிகாட்டிகள் மேட்டின் மீது.]

கரையிறங்குவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வழிகாட்டிகள் முதலில் இறங்கி, பனிக்கரடி இருக்கிறதா என்று நாற்புறமும் பார்ப்பார்கள். கண்ணில் பட்டால் இறக்கம் ரத்து, யாரும் முணுமுணுக்கக் கூடாது. கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். கைத்துப்பாக்கி, ஒளிவெடி எல்லாம் கடைசி நேரத்துக்கு. கரடி வாழும் இடத்துக்குப் போனவர்கள் நாம், விலகிப் போக வேண்டியதும் நாமே. கிடக்கும் பழைய பலகையையோ துருப்பிடித்த ஆணியையோ எடுத்துவிடாதீர்கள். 1946க்கு முந்தைய மனிதச் சுவடுகள் அனைத்தும் இங்கே சட்டப் பாதுகாப்பில் உள்ளன.

[காட்சி: ஃபியோர்டின் வடகரை. துருப்பிடித்த நீராவி இயந்திரம், சிதறிய கற்கள்.]

கடைசியாக ஓரிடம். ப்ளோம்ஸ்ட்ராண்ட்ஹல்வோயா. இங்கே எர்னஸ்ட் மேன்ஸ்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயர் 1911இல் சலவைக்கல் சுரங்கம் தொடங்கினார். உறைந்த மலையிலிருந்து வெட்டியபோது கல் உறுதியாக இருந்தது. குளிர் விட்டதும் உதிர்ந்து பொடிந்தது. காலங்காலமாக உறைபனி கல்லுக்குள் புகுந்து நொறுக்கியிருந்ததை யாரும் அறியவில்லை. இயந்திரங்களை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். அவை இன்னும் நிற்கின்றன.

பெயரைக் கவனியுங்கள். 'ஹல்வோயா' என்றால் தீபகற்பம். வரைபடம் வரைந்தவர்கள் தவறு செய்யவில்லை. அவர்கள் வந்தபோது பனியாறு இதை நிலத்தோடு இணைத்திருந்தது. பனி பின்வாங்கி, 1990களின் தொடக்கத்தில் நடுவே கடல் புகுந்துவிட்டது. இப்போது இது தீவு. பெயரில் மட்டும் தீபகற்பம்.

பனி உருகுவதைப் பார்க்க எண்ணெய் எரித்துப் போகலாமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். கப்பலும் அதற்கு முந்தைய விமானமும் விடும் புகைக்கு இந்தப் பனியே விலை கொடுக்கிறது. எனக்குத் தெரிந்த விடை இவ்வளவுதான்: போவதானால் ஒருமுறை போங்கள். எட்டு இடங்களைத் தொட்டுவிட்டு ஓடும் கப்பலைத் தவிர்த்து, ஒரே ஃபியோர்டில் ஒரு நாள் முழுக்க நிற்கும் கப்பலைத் தேர்ந்தெடுங்கள். போகாமலே தெரிந்துகொள்ள முடிந்தால் அதுவும் நன்றே. இந்த வீடியோவை எடுத்ததும் அந்த எண்ணத்தில்தான்.

[காட்சி: கப்பலின் மாலுமி அறை. திரையில் கடல் வரைபடம்.]

திரும்பும் வழியில் மாலுமி அறைக்குள் எட்டிப் பாருங்கள். பெரும்பாலான சிறு கப்பல்களில் பயணிகளை உள்ளே விடுவார்கள். பழைய கடல் வரைபடத்தில் பனியாறு வெள்ளைத் திட்டாக இருக்கிறது. கப்பலைக் குறிக்கும் சின்ன முக்கோணம் அந்த வெள்ளைக்குள் நிற்கிறது. அங்கே ஆழ எண்கள் எதுவும் அச்சிடப்படவில்லை, அப்போது அளக்கக் கடலே இருக்கவில்லை. முன்னால் ஒரு ரப்பர் படகு ஆழத்தை அளந்துகொண்டே மெல்லப் போகிறது. ரேடியோவில் ஒவ்வோர் எண்ணாக வருகிறது. மாலுமி அதைப் பென்சிலால் குறித்துக்கொள்கிறார்.

[ஒலி: மீண்டும் அந்தச் சடசடப்பு. திரை மெல்ல இருள்கிறது.]